பின்னால் நிற்பவர்: திருமலைராயன்பட்டினத்தை முன்வைத்துச் சீட்டாட்ட அதிர்ஷ்டமும் அவையொழுக்கமும்

ரம்மி ஆடக் குறைந்தது மூன்று பேர் தேவை: இருவர் ஆட, ஒருவர் பின்னால் நிற்க. முதல் இருவரைப் பற்றிச் சட்டமும் கணிதமும் நிறையவே பேசிவிட்டன. மூன்றாமவர் இதுவரை தக்க கவனம் பெறவில்லை.

பின்னால் நிற்பவர் காசு போடாதவர், சீட்டைத் தொடாதவர், ஆனால் ஆடுபவர்கள் எழுந்த பிறகும் வீட்டுக்குப் போகாதவர். காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே கடலோரம் அமைந்த திருமலைராயன்பட்டினத்தில் இவரைத் திண்ணையில் காணலாம்; கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு மண்டபத்து மாடியிலும், துக்க வீட்டுப் பந்தலிலும் காணலாம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பட்டினச்சேரிக் கரையில் படகுகள் ஓய்ந்து கிடக்கும் அந்த 61 நாளில் இவ்வினம் பெருகுவது இயற்கை.

உலகம் இவரது அருமையை உணர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாஸ் வேகாஸில் 1970இலேயே உலகப் போக்கர் தொடர் தொடங்கிவிட்டது. ஆனால் கவிழ்ந்த இரண்டு சீட்டையும் அதன் பின்னால் அசையாத முகத்தையும் தொலைக்காட்சியில் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? 1999இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ‘லேட் நைட் போக்கர்’ நிகழ்ச்சி மேசையில் கண்ணாடி பதித்து, அடியில் கேமரா வைத்து, எல்லோர் சீட்டையும் நேயருக்குக் காட்டிவிட்டது. அமெரிக்கப் பொம்மை வடிவமைப்பாளர் ஹென்றி ஓரென்ஸ்டீன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இவ்வகை மேசைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் இணையப் போட்டி வழியாக அந்த உலகத் தொடருக்குள் நுழைந்து 25 லட்சம் டாலரோடு வெளியே வந்தார். கேமரா அதையும் காட்டியது. போக்கர் வெறி நாடு நாடாகப் பரவியது. பட்டினத்துத் திண்ணையிலிருந்து பார்த்தால் இதில் கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. ஒருவர் நின்ற இடத்தில் கோடிப் பேரை நிற்க வைத்தார்கள், அவ்வளவே.

ஆயினும் கேமரா உச்சுக் கொட்டாது. எதிராளியின் அசைவிலிருந்து அவர் கையை ஊகிப்பது பற்றி மைக் காரோ 1984இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு அஞ்சித்தான் தொலைக்காட்சி ஆட்டக்காரர்கள் இரவிலும் கறுப்புக் கண்ணாடி அணிகிறார்கள். பட்டினத்து ஆட்டக்காரர் கண்ணாடி அணிந்து பயனில்லை. அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, பின்னால் நிற்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒற்றை உச்சு என்றால் வேண்டிய சீட்டைக் கீழே போட்டுவிட்டார் என்று பொருள். இரட்டை உச்சு என்றால் போன சுற்றிலும் அதையே செய்தார். நீண்ட பெருமூச்சு வந்தால் ஜோக்கர் இல்லாத வரிசையான ஒரிஜினலே கையில் இன்னும் சேரவில்லை. சத்தமில்லாமல் எதிர்ப்பக்கம் நகர்ந்து அடுத்தவர் கையை எட்டிப் பார்த்தால், முதலாமவர் உடனே டிராப் சொல்லி 20 பாயிண்டோடு தப்பிப்பது நல்லது. தயங்கினால் 40, பிடிவாதம் பிடித்தால் 80.

ஒழுக்க விதிகள் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் மீற முடியாமல் போயிருக்கும். இரண்டு பேர் கையைப் பார்த்தவர் வாய் திறக்கக்கூடாது. திறந்தால், “அண்ணே, ஆட்டத்துல உக்காருங்க, இல்லன்னா சும்மா நில்லுங்க” என்று ஒருமுறை எச்சரிக்கப்படுவார். அவர் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் தோற்க நேரிடும் என்பது அவருக்குத் தெரியும். ரம்மி சேர்ந்த பிறகும் சீட்டை விசிறியாக விரித்து, அடுக்கி, மறுபடி அடுக்கி, எதிராளி பெருமூச்சு விட்டபின் ஷோ காட்டுவது பெருங்குற்றம். போக்கர் மேசையிலும் இதே செயல் இதே அளவு வெறுக்கப்படுகிறது.

அவை நடுவே பந்தயம் வைத்து மோதுவது இவ்வூருக்குப் புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டில் ஊருக்குப் பெயர் தந்த திருமலைராயனின் அவையில் காளமேகம் எமகண்டம் பாடிய கதை தமிழறிந்தோர் அறிந்தது. கொதிக்கும் கொப்பரைக்கு மேலே தொங்க வேண்டும். உடம்பில் கத்திகள் கட்டி, சங்கிலியை யானைகளிடம் கொடுத்திருப்பார்கள். கேட்ட பொருளில் கேட்ட மாத்திரத்தில் பாட வேண்டும். லாஸ் வேகாஸ் முதன்மைப் போட்டியின் நுழைவுக் கட்டணமான 10,000 டாலர் இதனோடு ஒப்பிட மலிவு. கேள்விகளை எடுத்துக் கொடுத்தவர்கள் அதிமதுர கவிராயரும் அவரது கூட்டமும், மொத்தம் 64 தண்டிகைப் புலவர்கள். அவர்கள் யாரும் கொப்பரைக்கு மேல் ஏறவில்லை என்பதால், இக்கட்டுரையின் வரையறைப்படி அவர்கள் அனைவரும் பின்னால் நின்றவர்களே.

அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் உள்ள எல்லையை இக்கதை தெளிவாக வரைகிறது. காளமேகத்தின் கவித்திறன் திருவானைக்காவில் வேறொருவர் தவமிருந்து கேட்ட வரம். அம்பிகை நீட்டிய தாம்பூலத்தை அவர் அடையாளம் தெரியாமல் மறுக்க, அது அங்கே தூங்கிக்கொண்டிருந்த மடைப்பள்ளிப் பணியாளர் காளமேகத்தின் வாய்க்குப் போயிற்று. அடுத்தவருக்குப் போட வேண்டிய சீட்டு கை மாறி விழுந்தது அதிர்ஷ்டம். அதை வைத்துக் கொப்பரைக்கு மேல் ஆடியது திறமை. ஒழுக்கத்தில்தான் காளமேகம் சறுக்குகிறார். 1989இல் 24 வயதில் போக்கர் உலகப் பட்டம் வென்ற பில் ஹெல்முத், தோற்றால் எதிராளிக்கு ஆடவே தெரியாது என்று உரக்கச் சொல்வதில் பேர்போனவர். ஆனால் அவர் தோற்றபோதுதான் கத்தினார். காளமேகம் வென்றார், உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று ஊரின்மேல் மண்மாரி பொழியப் பாடிவிட்டுப் போனார்.

இனி அதிர்ஷ்டத்தின் கணக்கு. போக்கரில் முதல் இரண்டு சீட்டும் ஆஸாக வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. வந்தாலும், எதிரே சிறிய ஜோடி இருந்தால் ஐந்தில் ஒரு முறை தோற்கும். தொலைக்காட்சி இந்தச் சதவீதத்தைத் திரையின் மூலையில் போடுகிறது. திண்ணையில் வேறு கணக்கு: தோற்றவர், “இவன் வந்து நின்னதுலேருந்து சீட்டே வரல” என்கிறார். வென்றவர் தன் மூளை என்கிறார். பின்னால் நின்றவரோ, தான் இருமிக் காட்டியதால்தான் வெற்றி என்று மறுநாள் டீக்கடையில் விளக்குகிறார். மூவர் கூற்றையும் கூட்டினால் ஒரே ஆட்டத்தில் திறமை 200 சதவீதத்தைத் தொடுகிறது. தோல்விக்கு மட்டும் ஆடியவர் யாரும் பொறுப்பில்லை.

சட்டம் பின்னால் நிற்பவரை மறக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாணம் இயற்றிய 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி, ஆட்டம் நடக்கும் சூதாட்ட விடுதியில் நின்றவரும் ஆட வந்தவராகவே கருதப்படுவார். இல்லையென்று அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அது அப்போது செல்லாது. எனவே எல்லையூரான வாஞ்சூருக்கு வடக்கே நின்றவர் நிம்மதியாக நின்றார். எல்லைக்கு எந்தப் பக்கம் ஆடினாலும் ஸ்பேடு, ஆட்டின், கிளாவர், டைமன் நான்கும் பிரான்ஸில் உருவம் பெற்றவை என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்திருக்கலாம். செகந்திராபாத் கிளப் வழக்கொன்றில் 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. மூன்று சீட்டுக்கு அந்தச் சலுகை தரவில்லை. இணைய ரம்மியைத் தடுத்துத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று முடித்தது. இணையத்தில் பின்னால் நிற்க இடமே இல்லாததால் இவருக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை.

எஞ்சியிருப்பது டீ. ஜெயித்தவர் எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும். அந்த ‘எல்லோரில்’ பின்னால் நின்றவரும் அடக்கம். தோற்றவர் கோபத்தில் குடிக்காமல் போனால், அந்த கிளாஸும் இவருக்கே சேரும்.