மார்ச் வந்தால் மாறும் டார்கெட்!

கே: ஏப்ரலில் ஓர் இலக்கு, பிப்ரவரியில் வேறோர் இலக்கு. வருடக் கடைசியில் தலைவர்கள் இப்படி மாற்றுவது நியாயமா?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

ப: உங்கள் இலக்கைக் கூட்டினார்களா, தங்கள் இலக்கைக் குறைத்துக்கொண்டார்களா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! முன்னதை ‘உத்வேகம்’ என்பார்கள்; பின்னதை ‘சந்தை நிலவரம்’ என்பார்கள். மாற்றுவதில் தப்பில்லை சார். யாருக்காக மாற்றுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

கே: கணக்குத் தப்பிவிட்டது என்று தானே முன்வந்து சொன்ன பெரிய முதலாளி உண்டா?
– கல்லூரி மாணவி, மதுரை

ப: முதலாளி இல்லை, சம்பளக்காரர் உண்டு. ஆப்பிளின் டிம் குக். 2018-ன் கடைசிக் காலாண்டில் 8,900 கோடி முதல் 9,300 கோடி டாலர் வரை வருமானம் வரும் என்று சொல்லியிருந்தார். 2019 ஜனவரி 2-ம் தேதி, 8,400 கோடிதான் தேறும் என்று முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். சீனாவில் ஐபோன் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மறுநாளே பங்கு விலை சுமார் 10 சதவீதம் இறங்கியது. காலாண்டே முடிந்த பிறகு என்ன புது இலக்கு என்று கேட்கலாம். ஆனாலும் முறைப்படி கணக்கு வெளியாக இன்னும் நான்கு வாரம் இருக்கும்போதே வாயைத் திறந்தாரே, அதற்கு ஒரு சபாஷ்.

கே: எங்கள் ஐ.டி. துறையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சிக் கணிப்பை மாற்றுகிறார்களே, எதற்கு?
– மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

ப: இன்ஃபோசிஸின் 2023–24 கதையைக் கேளுங்கள். ஏப்ரலில் 4 முதல் 7 சதவீதம் வளர்ச்சி என்றார்கள். ஜூலையில் அது 1 முதல் 3.5 ஆனது. அக்டோபரில் 1 முதல் 2.5. ஜனவரியில் தரையை உயர்த்தி, கூரையை இறக்கி, 1.5 முதல் 2 என்றார்கள். கடைசியில் வந்தது 1.4! அக்டோபரோடு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், ‘சொன்னதைச் செய்தோம்’ என்று மார்தட்டியிருக்கலாம். கடைசிக் காலாண்டில் நிதித்துறை வாடிக்கையாளர் ஒருவருடனான ஒப்பந்தம் மாறியது காலை வாரிவிட்டது. மற்றபடி, ஒவ்வொரு முறையும் மேடையேறிச் சொல்லிவிட்டுத்தான் மாற்றினார்கள். அந்த வகையில் நான் குறை சொல்ல மாட்டேன்.

கே: இலக்கைக் குறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் மேலாளர் மாதக் கடைசியில் கூட்டுகிறாரே!
– கடன் வசூல் பிரிவு ஊழியர், சேலம்

ப: உங்கள் மேலாளர் ஜப்பானில் பிறந்திருந்தால் டோஷிபாவில் எங்கேயோ போயிருப்பார். அங்கே மேலிடம் வைக்கும் கூடுதல் இலக்குக்குச் செல்லப் பெயர் ‘சேலஞ்ச்’. 2012 செப்டம்பர் கடைசி. அரையாண்டு முடிய மூன்று நாள்தான் பாக்கி. கம்ப்யூட்டர் பிரிவு 1,200 கோடி யென் அளவுக்கு லாபத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்று தலைவர் நோரியோ சசாகி கேட்டார். மூன்று நாளில் அத்தனை மடிக்கணினியை யார் தலையில் கட்டுவது?

அதற்கும் அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தயாரித்துத் தரும் வெளி நிறுவனங்களுக்கு டோஷிபாவே உதிரிபாகங்களை வாங்கிக் கொடுக்கும், வாங்கிய விலையைவிடப் பல மடங்கு கூட்டி. அந்த வித்தியாசம் அப்போதைக்கு லாபமாகக் கணக்கில் ஏறும். பிறகு தயாரான கம்ப்யூட்டரை டோஷிபாவே திரும்ப வாங்கும்போது அதே தொகை செலவாகத் திரும்பி வரும். வரட்டுமே, அது அடுத்த காலாண்டின் தலைவலி! ஆகவே காலாண்டுக் கடைசியில் தேவைக்கு மேல் உதிரிபாகம் தள்ளப்பட்டது. அடுத்த காலாண்டில் பள்ளம் விழும், அதை மூட இன்னும் அதிகம் தள்ள வேண்டும்.

2015 ஜூலையில் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. பல பிரிவுகளிலும் சேர்த்து, ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் ஊதிக் காட்டிய லாபம் சுமார் 15,000 கோடி யென். தலைவர் ஹிசாவோ தனாகா, அவருக்கு முன்னால் தலைமையில் இருந்த சசாகி, நிஷிதா என்று மூன்று தலைமுறையும் ஒன்றாகப் பதவி விலகியது. ‘பொய்க்கணக்கு எழுது’ என்று மேலிடம் நேரடியாகச் சொன்னதாக அறிக்கையில் இல்லை. எண்ணைச் சொன்னார்கள், கெடுவைச் சொன்னார்கள். மேலிடத்தை எதிர்த்துப் பேசும் வழக்கம் அங்கே இல்லை என்பதால் மீதி தானாக நடந்தது.

கே: மார்ச் 25-ம் தேதி, ‘க்ளோசிங் இடிக்கிறது, ஸ்டாக்கிஸ்ட் தலையில் இரண்டு மாதச் சரக்கை ஏற்று’ என்கிறார் ஏரியா மேனேஜர். ஏற்றலாமா?
– மெடிக்கல் ரெப், திருச்சி

ப: அமெரிக்காவில் சன்பீம் என்ற கம்பெனியில் ஆல் டன்லப் என்பவர் இருந்தார். ஆள்குறைப்புக்குப் பேர்போனவர், ‘ரம்பம்’ என்பது பட்டப்பெயர். 1997 கடைசியில் விற்பனையைத் தூக்கிக் காட்ட, தோட்டத்தில் வைத்து இறைச்சி வாட்டும் அடுப்புகளைக் குளிர்காலத்தில் கடைக்காரர்களுக்கு ‘விற்றார்’. தள்ளுபடி உண்டு, பணம் மெதுவாகத் தரலாம், சரக்கையும் இப்போது எடுக்க வேண்டாம், கிடங்கில் இருக்கட்டும்! 1998 ஜூனில் இயக்குநர் குழு அவரை அனுப்பியது. 2001-ல் கம்பெனி திவால் மனு போட்டது.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: மேனேஜர் போனில் சொன்னதை மெயிலில் கேட்டு வாங்குங்கள். பாதி டார்கெட் அங்கேயே குறைந்துவிடும்.

கே: அரசாங்கமும் இப்படிச் செய்யுமா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்

ப: உங்களுக்குத் தெரியாததா! அதற்காகத்தானே ‘திருத்திய மதிப்பீடு’ என்று ஒரு பத்தியே பட்ஜெட்டில் இருக்கிறது. 2021–22-ல் பொதுத்துறைப் பங்குகளை விற்று 1.75 லட்சம் கோடி ரூபாய் திரட்டுவோம் என்றது மத்திய அரசு. 2022 பிப்ரவரியில் அது 78,000 கோடியாகத் திருத்தப்பட்டது. அதற்கு நம்பியிருந்த எல்.ஐ.சி. பங்கு வெளியீடு, நிதியாண்டைத் தாண்டி மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. கைக்கு வந்தது சுமார் 13,500 கோடி. இப்போதெல்லாம் பங்கு விற்பனைக்கென்று தனி இலக்கே பட்ஜெட்டில் சொல்வதில்லை. குறி தப்பக் கூடாது என்றால், பலகையைக் கழற்றிவிடுவது உத்தமம்.

கே: தலைவர்கள் தங்கள் போனஸ் இலக்கையும் மாற்றிக்கொள்வார்களா?
– பங்குச் சந்தை ஆர்வலர், கோவை

ப: அதில்தான் சுறுசுறுப்பே! ஜெனரல் எலெக்ட்ரிக்கின் லாரி கல்ப்புக்குப் பெரிய தொகை கிடைக்க, பங்கு விலை குறைந்தபட்சம் 18.60 டாலரைத் தொட வேண்டும் என்பது ஒப்பந்தம். கொரோனாவில் விலை விழுந்தது. 2020 ஆகஸ்டில் இயக்குநர் குழு அந்தக் கோட்டைச் சுமார் பத்து டாலராக இறக்கிவைத்தது. பிறகு அவர் கம்பெனியை நிமிர்த்தினார் என்பதும் உண்மை. ஆனால் 2021-ல் தலைவர்களின் சம்பளம் வாக்கெடுப்புக்கு வந்தபோது பங்குதாரர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். அந்த வாக்கு வெறும் ஆலோசனை என்பதால் கோடு நகரவில்லை.

கே: சரி, உருப்படியாக மாற்றியவர்?
– அதே கோவைக்காரர்

ப: ஏர்பஸ். 2024-ல் சுமார் 800 விமானம் என்றது. எஞ்சினும் உதிரிபாகமும் வரத் தாமதம் என்று ஜூன் மாதமே சுமார் 770 என்று குறைத்தது. கொடுத்தது 766.

கே: இந்த ஆண்டு 104 சதவீதம் முடிக்கப் போகிறேன். பாராட்டுவார்களா?
– நூல் ஆலை விற்பனை அதிகாரி, ராஜபாளையம்

ப: பாராட்டுவார்கள். கையோடு அடுத்த வருட டார்கெட்டை 104-ல் இருந்து தொடங்குவார்கள். சோவியத் ஆலை மேலாளர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். திட்டத்தை 100 சதவீதம் தொட்டால் போனஸ், மிகவும் தாண்டினால் அடுத்த திட்டம் இறுகும். அதனால் 101, 102-ல் நிறுத்திக்கொள்வார்கள். எட்டவில்லை என்றால் வருடக் கடைசியில் அமைச்சகத்தைப் பிடித்துத் திட்டத்தையே குறைத்து வாங்கும் வழக்கமும் இருந்தது. உங்களுக்கு அந்தச் செல்வாக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆகவே கடைசி இரண்டு ஆர்டரை ஏப்ரல் முதல் தேதியில் போடுங்கள். நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்!