வெள்ளி ரயில்

1874-ஆம் வருஷம் ஜயாஜிராவ் சிந்தியா மகாராஜா குவாலியரில் நிர்மாணித்த ஜய்விலாஸ் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில், ஒவ்வொன்றும் மூன்றரை டன் கனமுள்ள இரண்டு சரவிளக்குகளைத் தொங்கவிடுமுன், கூரை தாங்குமா என்று பரீட்சிக்க அதன்மீது யானைகளை ஏற்றி நிறுத்தினார்களாம். எட்டு என்பார் ஒருவர், பத்து என்பார் மற்றொருவர். யானைகளின் அபிப்பிராயத்தை மட்டும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. போஜனசாலையிலோ, மேஜைமீது பதித்த தண்டவாளத்தில், பிராந்தியும் சுருட்டும் சுமந்துகொண்டு ஒரு குட்டி வெள்ளி ரயில் விருந்தாளிதோறும் ஊர்ந்து வருமாம். புட்டியைத் தூக்கினால் நிற்கும், திரும்ப வைத்தால் நகரும். மூன்றாம் வகுப்பில் இரவெல்லாம் ஒற்றைக் காலில் நின்றபடியே குவாலியர் வந்து சேர்ந்த அடியேன், அந்த ரயிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டமே இல்லை.