சாய்வு நாற்காலிக் கித்தானில் கரும்பன்: கீழவைப்பாரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

மன்னார் வளைகுடாக் கரையின் முத்தைப் பற்றியும் சங்கைப் பற்றியும் அறிஞர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. வைப்பாறு கடலில் கலக்கும் கீழவைப்பாரில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் வெளித்திண்ணைச் சாய்வு நாற்காலிகளில் கரும்பன் என்னும் கரும்புள்ளிக் கறை மட்டும் ஆண்டு தவறாமல் விளைகிறது. அதைத் தேடி மூழ்க வேண்டியதில்லை, சாய்ந்தால் போதும்.

களச் சான்று

நாற்காலியின் மேல்கம்பை உருவினால் உண்மை விளங்கும். கம்பு நுழையும் மடிப்புக்குள் வெயில் எட்டாது. புள்ளிகள் அங்கே ஒன்றோடொன்று கலந்து பட்டையாகிக் கிடக்கும். அடுத்த அடர்த்தி, தேங்காய் எண்ணெய் ஊறிய தலைப்பகுதியில். கரும்பன் மனிதனின் மற்ற பாகங்களைவிடத் தலையையே மதிக்கிறது என்று இதிலிருந்து துணியலாம்.

காரணம்

குற்றவாளி கிளாடோஸ்போரியம் போன்ற பூஞ்சைகள். கருப்பு, அவற்றின் செல்சுவரிலுள்ள மெலனின். ஆகவே பூஞ்சை செத்தாலும் கறை சாகாது. உடந்தை, உப்பு. கடற்காற்று துணியில் உப்பைப் படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை இழுத்துக் கசியும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே கசியும். பிறகு கித்தான் எங்கே காய்வது? கருவாட்டைக் காக்கும் உப்பு கித்தானை மட்டும் ஏன் கெடுக்கிறது என்று கேட்கலாம். கருவாட்டில் அதைத் திணிக்கிறோம். கித்தானில் காற்று தூவுகிறது. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்தால் இப்படித்தான்.

கறை நீக்கத்தின் முக்கியப் பள்ளிகள்

எலுமிச்சைப் பள்ளி: சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவது. இளங்கறைக்கு ஓரளவு பலிக்கும்.

ப்ளீச் பள்ளி: வெள்ளைக் கித்தானுக்கு மட்டும். பத்து மடங்கு நீரில் கலந்து, பத்து நிமிடத்தில் அலசிவிட வேண்டும். நேரம் கூடினால் கறையோடு நூலும் போகும்.

திருப்பிப் போடும் பள்ளி: கண்ணுக்குத் தெரியாத கறை கறையே அல்ல என்பது இதன் தத்துவம். பின்பற்றுவோர் அதிகம்.

முதல் இரண்டு பள்ளிகளையும் சமரசம் செய்துவைக்க யாரும் முயல வேண்டாம். எலுமிச்சையோ வினிகரோ ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆய்வாளர் மூச்சு முட்டிப்போவார்.

ப்ளீச்சின் பூர்வீகமும் உப்பே. உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரம் ஆலையின் தொழிலும் அதுதான். இரண்டும் சேர்ந்தால் ப்ளீச். நோயும் மருந்தும் ஒரே அளத்துச் சரக்கு.

பன்னாட்டு ஒப்பீடு

இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கித்தான்கள் மக்கின. அவற்றில் கிடைத்த டிரைக்கோடெர்மா பூஞ்சைக்கு, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரைப் பிற்பாடு சூட்டினார்கள். அவ்வகைப் பூஞ்சைகள் தரும் செல்லுலேஸ் நொதியால் இன்று ஜீன்ஸை வெளுக்கிறார்கள். அங்கே கித்தான் மக்கினால் அறிவியல். இங்கே மக்கினால் வீட்டில் திட்டு.

பரிந்துரை

எந்தப் பள்ளியானாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். உப்புத்தண்ணீரில் அலசுவது அடுத்த கரும்பனுக்கு விதைப்பு. கடலுக்குள் நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று இரண்டும் தனித்தனியாகவே இருப்பதைக் கவனிக்க. கம்பை உருவி, மடிப்பைப் பிரித்து, உச்சி வெயிலில் காயப்போட வேண்டும்.

ஆய்வின் எல்லை

கித்தானைக் கழற்றும் கட்டத்தில் நாற்காலியில் தாத்தா இருந்தார். "எலே, கறை எம் முதுகுக்குப் பின்னாலதான கெடக்கு? ஒனக்கு என்ன உறுத்துது?" என்றார். இவ்வாதத்துக்கு எந்தப் பள்ளியிலும் மறுப்பில்லை. கறையை எடுக்கும் முறைகள் கைவசம் உள்ளன. தாத்தாவை எழுப்பும் முறைதான் மேலாய்வுக்கு உரியது.