பல்லு வெளுத்தது சரி, ஈறு செவந்தது ஏன் கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. கல்யாணத்தன்னைக்கு உன் சிரிப்பப் பாத்துட்டுப் போட்டோக்காரன் ஃப்ளாஷ அணைச்சிட்டான்னு ஊரே பேசுச்சி. தலப்பொங்கல் தாண்டல, அதுக்குள்ள வாயத் தொறக்காம தலைய மட்டும் ஆட்டுற. ஒரு ஓடு கழண்டுருச்சா? எதக் கடிச்ச? கோழி எலும்பா, மாமியார் வீட்டு முறுக்கா? உன் ஆயா கேட்டா முறுக்குன்னே சொல்லிரு. எலும்புன்னா கொழம்பு வச்ச அவ மேல பழி வரும், அப்புறம் எனக்கு ராத்திரி சோறு வராது.

பல்லுக்கு ஓடு போட்டது தப்புன்னு நான் சொல்ல வரல. டாக்டருங்க அத வெனீர்ங்கறாங்க, நீயும் அப்படியே சொல்லிக்க. நம்ம தர்மபுரி போர்த் தண்ணி குடிச்சு வளந்த வாய் உன்னது. குடிக்கிற தண்ணியில ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம பூமிக்கு அடியில இருக்கற பாறைக்கு அத யாரு போயிச் சொல்றது? பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே கறை ஏறிருது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்துச்சி. அதுக்குள்ள உனக்குப் பல்லும் மொளச்சாச்சு, கறையும் புடிச்சாச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க உன் பல்லப் பாத்துட்டு, பையன் பீடி குடிப்பானான்னு கேட்டாங்க. தொட்டதே இல்லன்னு நான்தான் சத்தியம் பண்ணேன். அந்தச் சத்தியத்த இப்ப ரெண்டு பேரும் கிளற வேணாம்.

ஆனா பாரு, ஓடு போட எவ்வளவு ஆகும், எத்தன நாள்ல முடியும்னு ஊரெல்லாம் கேட்ட. போட்டப்புறம் ஒண்ணு ஆனா என்ன பண்றதுன்னு ஒரு வார்த்த கேட்டியா? 1930கள்ல ஹாலிவுட்டுல சார்லஸ் பின்கஸ்னு ஒரு பல் டாக்டர் நடிகருங்களுக்கு இந்த ஓடு போட்டு விட்டாரு. ஷெர்லி டெம்பிள்னு அந்தக் குட்டிப் பொண்ணு பால்பல்லு விழுந்த ஓட்டை தெரியாம நடிச்சது அவரு புண்ணியந்தான். செட் பல்ல ஒட்டற பொடியப் போட்டு ஒட்டுவாரு, ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டிருவாங்க. தொல்லையில்ல. அப்புறம் 1955ல அமெரிக்காவுல புவோனோகோர்னு ஒருத்தரு எனாமல் மேல ஆசிட் தடவி சொரசொரப்பாக்கினா பிசின் புடிக்கும்னு கண்டுபிடிச்சாரு. 1980கள்ல செராமிக் ஓட்டோட உள்பக்கத்தையும் ஆசிட்ல அரிச்சு ஒட்டப் பழகுனாங்க. அதுலேருந்துதான் ஓடு வருசக்கணக்கா நிக்குது. நின்னா சந்தோசம்தான். கழட்டி வைக்கிற சவுகரியம் போச்சு.

ஓட்ட அரிக்கற அந்த ஆசிட் எதுன்னு தெரியுமா? ஹைட்ரோஃப்ளோரிக். ஃப்ளோரைடு கெடுத்த பல்ல மறைக்கற ஓட்ட ஒட்டறதுக்கும் அதே குடும்பத்துச் சாமானுதான் வேணுமாம். இந்தச் சொந்தம் நம்மள விடாது கண்ணு.

சரி, கழண்ட ஓடு எங்க? முழுசா இருக்கா? அப்ப யோகக்காரன் நீ. தண்ணியில அலசி ஒரு சின்ன டப்பியில போட்டு வை. பெட்டிக்கடையில அஞ்சு ரூபா பசை வாங்கி நீயே ஒட்டிக்கலாம்னு ஒரு யோசனை உனக்கு வந்திருக்குமே? முழிக்கிற முழியிலயே தெரியுது. விரலையும் கதவையும் சேத்து ஒட்டற பசைய வாயில வைக்காத. அது கட்டியா நின்னு ஓட்ட எடத்துல உக்கார விடாது. ஓரத்துல சந்து விழும், அதுல எச்சில் எறங்கும், உள்ள சொத்தை பிடிக்கும். கடைசியில அந்தப் பசையச் சொரண்டி எடுக்கறதுக்கும் டாக்டருக்குத் தனியாக் காசு குடுப்ப. முழு ஓடா இருந்தா அவங்க பழைய சிமெண்டத் துடைச்சு எடுத்து, ரெண்டு பக்கமும் மறுபடி ஆசிட் வச்சு, அதையே ஒட்டிரலாம்.

அந்த ஓட்டத் தூக்கிப் போடாதன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. அது சாட்சி. சிமெண்டு ஓட்டோட வந்திருந்தா பல்லுப் பக்கம் சரியாப் புடிக்கலன்னு அர்த்தம். பல்லு மேலயே தங்கியிருந்தா ஓட்டோட உள்பக்கத்துல கோளாறு. நம்ம ஊரு ஃப்ளோரைடு எனாமல் ஆசிட்டுக்கு லேசுல மசியாது, கூடக் கொஞ்ச நேரம் வைக்கணும்பாங்க. எனாமல் தாண்டி ஆழமா ராவிட்டாலும் புடிப்பு கொறயும். ஒட்டுற நேரத்துல எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டிருந்தா முடிஞ்சது கதை. ஈரச் சுவத்துல டைல்ஸ் ஒட்டுன கொத்தனாரக் கேளு, சொல்லுவாரு. அதனால ‘ஒட்டிக் குடுங்க’ன்னு மட்டும் கேட்டுட்டு வராத. ‘ஏன் கழண்டுச்சி’ன்னு கேளு. காரணம் தெரியாம ஒட்டுனா அடுத்த முறுக்குக்குத் திரும்பவும் கழலும்.

ஓரத்துல துளி செதிலு போயிருந்தா அதுக்கு அழ வேணாம். மெருகு போட்டாலே தீரும், இல்லன்னா கம்போசிட்டுன்னு ஒரு பிசின் வச்சு அடைச்சிருவாங்க. பெருசா ஒடஞ்சா புதுசுதான். ஆனா அதே பல்லு ரெண்டாந்தடவையும் ஒடஞ்சா ஓட்டத் திட்டாத. கீழ்ப்பல்லு அதுல எடக்கு மடக்கா இடிக்குதான்னு பாக்கச் சொல்லு. ஒரு கலர்ப் பேப்பரக் கடிக்கச் சொல்லுவாங்க, எங்க அழுத்தமாப் படுதோ அங்க மை ஒட்டும், அங்க லேசா ராவுவாங்க. அஞ்சு நிமிச வேலை. அதோட, ராத்திரி நீ பல்லக் கடிக்கறியாமே? யாரு சொன்னான்னு கேக்காத, புதுப் பொண்டாட்டி வீட்டுக்கு வந்தா சங்கதி எல்லாம் வாசல்ல கோலம் போடறப்பவே வந்திரும். அதுக்கு நைட் கார்டுன்னு ஒண்ணு அளவெடுத்துத் தருவாங்க. மாட்டிக்கிட்டுப் படு. அழகா இருக்காது. இருட்டுல யாரு பாக்கறா?

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். ‘ரொம்ப வெளுப்பா இருக்கு, ஒரு படி கொறைச்சுக் குடுங்க’ன்னு கேக்கப் போறியாம். செராமிக்கு எந்த மருந்துக்கும் நெறம் மாறாது, வெளுக்கவும் வெளுக்காது, மங்கவும் மங்காது. நெறம் பாக்கறதெல்லாம் ஒட்டறதுக்கு முன்னாடி. சிமெண்டு நெறத்துலயே சோதனைப் பசை இருக்குது, அத வச்சு வெளிச்சத்துல கண்ணாடி பாத்திருக்கணும். நீ அப்ப செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்த. இப்ப மாத்தணும்னா வைரத் துரப்பணத்தால அத்தனையும் ராவி எடுக்கணும். சில எடத்துல லேசர் வச்சுக் கழட்டறாங்க. எப்படி எடுத்தாலும் ஓட்டுக்கு அடியில இருக்கறது மொதல்ல ராவுன பல்லு. எனாமல் திரும்ப வளராது. வெளுப்புக்கு உன் பொண்டாட்டி பழகிக்குவா. நானே பழகிட்டேன்.

நெறத்துக்கு இவ்வளவு கவலப்படற பய, இத மட்டும் ஏண்டா கண்டுக்கல? வாயக் காட்டு. அந்த மேல்பல்லு ரெண்டுக்கும் மேல ஈறு செவந்து வீங்கியிருக்கு பாரு. பிரஷ் பட்டா ரத்தம் வருதா? வருதுன்னு தலையாட்டு. இதுதாண்டா சங்கதி. ஓட்டு ஓரம் தடிச்சு நின்னாலும், ஒட்டும்போது பிதுங்குன சிமெண்டு ஈறுக்கு அடியில தங்கிட்டாலும் இப்படித்தான் ஆகும். பல்லு சந்துல நூல் விட்டுப் பாரு, பிஞ்சு பிஞ்சு வந்தா அங்க சிமெண்டு முள்ளா நிக்குதுன்னு அர்த்தம். அதச் சொரண்டி மெருகு போட்டு விட்டா ஈறு தானா அடங்கும். தள்ளிப் போட்டா ஈறு மேல ஏறும், ஓட்டு ஓரத்துல கருப்புக் கோடு தெரியும், அப்புறம் உள்ள சொத்தை. சொத்தை உள்ள போயிட்டா நல்ல ஓட்டையும் ஒடச்சுத்தான் எடுக்கணும். கழண்ட ஓட்டால உன் அழகு போச்சு, அவ்வளவுதான். இந்த ஈறால பல்லே போகும். ரத்தம் வருதேன்னு அந்த எடத்த வெளக்காம விடறியே, அதுதான் இருக்கறதுலயே பெரிய முட்டாத்தனம்.

பச்சத் தண்ணி பட்டா கூசுதுன்னா ஒண்ணு ரெண்டு வாரம் பொறுக்கலாம். ஒண்ணும் படாமலே ராத்திரி விண்ணு விண்ணுன்னு தெறிச்சா பொறுக்காத, நரம்பு வரைக்கும் போயிருக்கும். ரூட் கெனால்ல கொண்டுபோயி விடும்.

உன் சித்தப்பன் பையன் லண்டன்லேருந்து போன்ல ஒண்ணு சொன்னான். அங்க ஆளுங்க காசு கம்மின்னு துருக்கிக்கு விமானம் ஏறிப் போறாங்களாம். வெனீர்னு நெனச்சுப் போயி, பல்லச் சுத்திலும் ஆணியாட்டம் ராவி கேப்பு மாட்டிக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்களாம். ஊருக்கு வந்து வலிச்சா, ராவுனவன் கடல் தாண்டி இருக்கான். உன் டாக்டரு அரூர் ரோட்டுலயே இருக்காரு. பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தாப் போதும்.

நாளைக்குக் காலையில போ. டப்பிய மறக்காத. எந்தச் செராமிக், என்ன சிமெண்டுன்னு எழுதி வாங்கிட்டு வா, பின்னால வேற டாக்டர் பாக்கறப்ப உதவும். மொதல்ல ஈறக் காட்டு, அப்புறம் ஓட்டக் காட்டு. சாப்புட்டுட்டுப் போ, மரக்கற ஊசி போட்டா கொஞ்ச நேரம் உதட்டக் கடிக்கறதே தெரியாது. வர்ற வழியில மருந்துக் கடையில செட் பல்லு ஒட்டற பொடி ஒரு டப்பா வாங்கிட்டு வா. காசு உன் ஆயாகிட்ட வாங்கிக்க.