எலும்பு உலர்த்திய மாடி

கேள்வி: சிறிய சாஃப்ட்வேர் நிறுவனத்தில் புரோகிராம் எழுதுவதும் நானே, வாடிக்கையாளரின் வசவைக் கேட்பதும் நானே. இது உத்தியோகமா, தண்டனையா?
(வாசகர், டாக்குரியா, கொல்கத்தா)

பதில்: உத்தியோகந்தான். தங்கள் நகரிலேயே, 1892-இல், சுமார் 700 ரூபாய் மூலதனத்துடன் அப்பர் சர்க்குலர் ரோட்டு வாடகை வீட்டில் பெங்கால் கெமிக்கல்ஸுக்கு வித்திட்ட ஆச்சாரியர் பிரபுல்ல சந்திர ராய், பிரசிடென்சி கல்லூரியில் ரசாயனம் போதித்து வந்து, மாலையில் அவ்வீட்டிலேயே மருந்து தயாரித்தார். பாஸ்பேட்டுக்காகக் கசாப்புக் கடைகளில் வாங்கிய எலும்புகளை மாடியில் உலர்த்த, அகாலத்தில் பெய்த மழையில் அவை நாறி, காக்கைகள் மொய்த்து, அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். பெங்கால் கெமிக்கல்ஸ் 1901-இல் லிமிடெட் கம்பெனியாயிற்று. தங்கள் நிலையும் அவருடையதைப் போன்றதே; சகல காரியங்களும் ஒரே கைவழியே செல்வதால் கிட்டும் பயிற்சி பெரிய காரியாலயங்களில் எளிதில் வாய்ப்பதில்லை. சம்பளம் மட்டும் மாதந்தோறும் தேதி தவறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.