ரோமாபுரியின் கடைசிக் குடிமகன்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஸ்பானிஷ் வகுப்புக்கு எப்போதும் இடம் போதாது. பிரெஞ்சுக்கும் ஓரளவு கூட்டம் உண்டு. தாழ்வாரத்தின் கோடியில், ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறையில், ஏழெட்டுப் பேர் ஓர் ஆசிரியையைச் சுற்றி உட்கார்ந்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் கோபத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தால், அதுதான் ஏ.பி. லத்தீன். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் படித்து, மே மாதம் காலேஜ் போர்டு நடத்தும் தேர்வை எழுதி, ஒன்று முதல் ஐந்துவரை ஒரு மதிப்பெண் வாங்கும் ஏற்பாடு இது. ஆங்கிலத்தையும் அமெரிக்க வரலாற்றையும் இப்படி லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். லத்தீனுக்கு நாடு முழுவதும் சேர்ந்தே சில ஆயிரம் பேர்தான். அந்தச் சில ஆயிரத்தில் ஒருவன்தான் மார்க்கஸ்.

அவனுக்கு வீட்டில் வேறு பெயர். அதை லத்தீன் அறை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். முதல் வருஷ வகுப்பில் ஆளுக்கொரு ரோமானியப் பெயர் எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். ரோமானியர்கள் பெயர் விஷயத்தில் மகா சிக்கனக்காரர்கள். ஆண்களுக்கு கையுஸ், லூக்கியுஸ், டைட்டஸ் என்று ஒரு கைப்பிடிதான் புழக்கத்தில் இருந்தது. குவின்டுஸ் என்றால் ஐந்தாமவன். ஆறாமவனுக்கு செக்ஸ்டுஸ். அந்தப் பெயரை வருஷாவருஷம் ஒரு குறும்பன் கேட்பதும், ஆசிரியை சிரிக்காமல் மறுப்பதும் பாடத்திட்டத்தில் எழுதப்படாத ஒரு பகுதி. பெண்களுக்குக் குடும்பப் பெயரேதான் பெயர் என்பதால், யூலியுஸ் வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் யூலியாதான். இரண்டு பேர் அதே பெயரைக் கேட்டால் பெரிய யூலியா, சின்ன யூலியா என்று தீர்ப்பாகும். ரோமிலும் அப்படித்தான் தீர்த்தார்கள்.

ஆங்கிலப் புத்தகத்தில் ஜூலியா என்று இருப்பது இங்கே யூலியா ஆவதைக் கவனித்திருப்பீர்கள். மார்க்கஸுடன் பழகுவதில் உள்ள முதல் தொல்லை இது. சீசர் என்று நீங்கள் வாய் திறந்தால், கைஸர் என்று திருத்துவான். சிசெரோ அவனுக்குக் கிக்கெரோ. மாதா கோவில் பாடல் குழுவில் பாடும் சின்ன யூலியா, திருச்சபை உச்சரிப்பில் ‘ச’ போட்டுப் பாடிவிட்டு வந்து வகுப்பிலும் அப்படியே வாசித்தால், மதிய உணவு இடைவேளை முழுக்கப் போர் நடக்கும். இரு தரப்பிலும் சாட்சி சொல்ல ஒரு ரோமானியரும் உயிரோடில்லை என்பதால் போர் முடிவதும் இல்லை.

“செத்துப்போன மொழியைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?” என்று அப்பா கேட்கிறார். மார்க்கஸிடம் பதில்கள் தயாராக இருக்கின்றன. ஆங்கிலத்தின் கடினமான சொற்கள் பலவும் அங்கிருந்துதான் வந்தன, எஸ்.ஏ.டி. தேர்வுக்கு உதவும். டாக்டராகப் போனால் எலும்புப் பெயர்கள் சுலபம். வக்கீலாகப் போனால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635-இல், ஹார்வர்டுக்கும் ஒரு வருஷம் முன்பே தொடங்கியது. அந்தக் காலத்தில் ஹார்வர்டு வாசலை மிதிக்கவே லத்தீன் வேண்டும் என்று ஒரு சரித்திர ஆதாரமும் வைத்திருக்கிறான். அப்பா அடங்கிவிடுகிறார்.

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் மார்க்கஸ் லத்தீனுக்கு வந்த காரணம் இதில் எதுவுமில்லை. ஸ்பானிஷ் வகுப்பில் எழுந்து நின்று, கற்பனை ஓட்டலில் கற்பனைச் சிப்பந்தியிடம் சூப் கேட்க வேண்டும். கூச்சத்தில் வியர்த்துப்போகும் பதினான்கு வயதுப் பையனுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. லத்தீனில் யாரும் வழி கேட்கமாட்டார்கள், சூப்பும் கொண்டுவரமாட்டார்கள். பேச ஆளில்லாத மொழி என்ற ஒரே நிம்மதிக்காகத்தான் வந்தான். வந்த இடத்தில் அவனைப் போன்றே பேச்சுக்குப் பயந்து வந்த ஏழு பேரைப் பார்த்தான். மூன்றாம் வருஷம் பள்ளியிலேயே அதிகச் சத்தம் வரும் அறை அதுதான்.

அவனை முதலில் வீழ்த்தியது ஒரு பாடப்புத்தகம். கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடநூலின் முதல் தொகுதி பொம்பேயி நகரத்தில் நடக்கிறது. கைக்கிலியுஸ் என்ற வட்டிக்கடைக்காரர், மனைவி மெட்டெல்லா, சமையற்காரன் க்ரூமியோ, கெர்பெருஸ் என்ற நாய். தோட்டத்தில் உட்காருகிறார்கள், சமைக்கிறார்கள், நாய் குரைக்கிறது. இப்படியே முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் உள்ளே போய்விடுகின்றன. தொகுதியின் முடிவில் வெசுவியஸ் வெடிக்கிறது. கைக்கிலியுஸ் இடிபாட்டில் சாகிறார், நாய் எஜமானரை விட்டுப் போக மறுக்கிறது. இலக்கணப் பயிற்சிக்காகப் புத்தகத்தைத் திறந்த பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூடுகிறார்கள். வேறு பாடநூலில் படித்தவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அவர்களுக்கு வாய்த்தது பள்ளத்தில் இறங்கிவிட்ட ஒரு குதிரை வண்டி. அது பாடம் பாடமாகப் பள்ளத்திலேயே கிடக்கும்.

நான்காம் வருஷம் ஏ.பி. வருகிறது, கூடவே அதன் கொடிய விதியும்: கூடியவரை சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வேண்டும். அழகாக எழுதினால் மதிப்பெண் போய்விடும். பகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் காலமும் எண்ணும் வேற்றுமையும் சரியா என்று பார்க்கிறார்கள். விளைவு, மார்க்கஸ் எழுதும் ஆங்கிலம் எந்த ஆங்கிலேயனும் எக்காலத்திலும் பேசியிராத ஆங்கிலம். அது வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது.

“பாத்திரம் கழுவினாயா?” என்று அம்மா கேட்டால், “பாத்திரங்கள் கழுவப்பட்டவையாக இருக்க, குப்பை வெளியேற்றப்பட்டதாக இருக்க, மார்க்கஸ் தன் அறைக்குத் திரும்பினான்” என்கிறான்.

தன்னையே படர்க்கையில் சொல்வது சீசரிடம் பிடித்த வியாதி. கால் நாட்டுப் போரைப் பற்றி எழுதிய அந்த மனிதர் புத்தகம் முழுக்கத் தன்னைச் ‘சீசர்’ என்றே சொல்லிக்கொண்டார்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். வினை வாக்கியக் கடைசியில் வருகிறது, அதுவரை யார் யாரை என்ன செய்தார்கள் என்று தெரிவதில்லை என்பது இந்த அமெரிக்கப் பிள்ளைகளின் பெரிய புலம்பல். நம் ஊர்க் குழந்தை பால் கேட்கும்போதே வினையைக் கடைசியில்தான் வைக்கிறது. வேற்றுமை ஆறு என்று அவர்கள் தலையில் கை வைக்கிறார்கள். எட்டை ஒப்பித்தவர்களுக்கு இதைக் கேட்க அவ்வளவு துக்கமாக இல்லை.

ஆனால் கவிஞர் வெர்ஜில் என்று வந்துவிட்டால் நாமும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அவர் வரியில் பெயரடை முதலில் நிற்கும். அது யாருக்குச் சொந்தமோ அந்தப் பெயர்ச்சொல் வரியின் கடைசியில் நிற்கும். கூட்டமான டவுன் பஸ்ஸில் முன்வாசலில் ஏறிய மனைவியும் பின்வாசலில் தொங்கும் கணவனும் மாதிரி. ‘பின்னாடி வாங்குவாங்க’ என்ற ஒரு வார்த்தையை நம்பி, அந்தப் பின்னாடி ஆள் யார் என்று நடுவில் நசுங்கித் தேடும் கண்டக்டர் வேலைதான் மார்க்கஸுக்கு. அடையாளத்துக்கு இருப்பது ஒரு விகுதி. சில வரிகளில் அதே விகுதியோடு மூன்று கணவர்கள் நிற்பார்கள்.

வெர்ஜில் கி.மு. 19-இல், ‘ஈனியட்’ காவியத்தைச் செப்பம் செய்து முடிக்கும் முன்பே இறந்துபோனார். கையெழுத்துப் பிரதியை எரித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அகஸ்டஸ் சக்கரவர்த்தி தடுத்து, வெளியிடச் செய்தார். ஏப்ரல் கடைசி வாரத்தில் இந்தச் செய்தி வகுப்பில் அடிக்கடி நினைவுகூரப்படும். சக்கரவர்த்தியைப் பற்றி அப்போது சொல்லப்படுவதை இங்கே அச்சிட முடியாது. முடிக்காமல் விட்டதால் காவியத்தில் ஆங்காங்கே பாதி வரிகள் நிற்கின்றன. உலக இலக்கியத்திலேயே மார்க்கஸுக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

கதைக்குள் போனால் வகுப்பு இரண்டாகிறது. ஈனியஸ் கார்த்தேஜ் ராணி டைடோவோடு வாழ்ந்துவிட்டு, கடவுள் கட்டளை என்று சொல்லி, அவளுக்குத் தெரியாமல் கப்பலைத் தயார் செய்கிறான். “கடமை” என்கிறான் மார்க்கஸ். “கடமையாம்! நேரில் சொல்ல வாயில்லையா?” என்கிறாள் பெரிய யூலியா. இந்த வழக்கு நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரிவரை நடக்கும். ஆறாம் காண்டத்தில் ஈனியஸ் பாதாள உலகத்துக்குப் போய் டைடோவின் ஆவியைக் கண்டு கண்ணீரோடு சமாதானம் சொல்லும்போது, அவள் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அந்த வரிக்குப் பெரிய யூலியா எழுந்து நின்று கைதட்டுவாள்.

2009 மே மாதம்வரை லத்தீனுக்கு இரண்டு ஏ.பி. தேர்வுகள் இருந்தன, அதோடு ஒன்று போய்விட்டது. பிறகு வெர்ஜிலும் சீசரும் ஜோடியாகப் பல வருஷம் ஓடினார்கள். 2025-26 கல்வியாண்டில் சீசரை இறக்கிவிட்டு, இளைய பிளினியின் கடிதங்களை ஏற்றினார்கள். சீசரைப் படித்து முடித்த அண்ணன்மார்களுக்கு இதில் தாங்க முடியாத வருத்தம். பத்தாம் படையின் கொடிக்காரன் பிரிட்டன் கரையில் கடலுக்குள் குதித்ததைப் படிக்காதவனெல்லாம் ஏ.பி. லத்தீன் எழுதினேன் என்று சொல்லிக்கொள்வதா?

மார்க்கஸைக் கேட்டால், பிளினி வந்தது நல்லதுதான். வெசுவியஸ் வெடித்த கி.பி. 79-இல் பிளினிக்கு வயது பதினேழு. கடற்படைத் தலைவரான மாமா, மலையிலிருந்து கிளம்பும் அந்த விநோத மேகத்தை அருகே போய்ப் பார்க்கப் புறப்பட்டு, நீயும் வருகிறாயா என்று கேட்கிறார். படிக்க வேண்டியிருக்கிறது என்று பையன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். மாமா திரும்பவேயில்லை. அன்று இரவே பூமி ஆடுகிறது. பையன் முற்றத்தில் உட்கார்ந்து லிவியின் வரலாற்றிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறான். ஸ்பெயினிலிருந்து வந்திருந்த மாமாவின் நண்பர் பார்த்துத் திட்டுகிறார். பையன் புத்தகத்தைவிட்டு நிமிரவில்லை. இதைப் படித்த அன்று எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாயிரம் வருஷத்தில் முதன்முறையாகத் தங்கள் வகுப்புத் தோழன் ஒருவனைச் சந்தித்திருக்கிறார்கள்.

ஆசிரியையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ‘மஜிஸ்ட்ரா’ என்றுதான் அழைக்க வேண்டும், ‘கி’ அழுத்தம் தெரிந்தவர்கள் ‘மகிஸ்ட்ரா’ என்பார்கள். முதல் வருஷத்திலிருந்து ஏ.பி.வரை எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. சில பள்ளிகளில் மூன்றாம் வருஷத்தையும் ஏ.பி.யையும் ஒரே அறையில் ஒரே மணி நேரத்தில் நடத்துவார். ஒவ்வொரு வசந்தத்திலும் அடுத்த வருஷம் எத்தனை பேர் சேருவார்கள் என்று தலை எண்ணுவார். குறைந்தால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள். அதனால் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை மயக்க அட்டை வாளும் கேடயமுமாக மார்க்கஸை அனுப்பிவைப்பார். சீசர் கொல்லப்பட்ட நாளான மார்ச் 15 அன்று அவர் முகம் போட்ட கேக் வரும். சூட்டோனியஸ் எழுதிய கணக்குப்படி 23 குத்து, பிளாஸ்டிக் கத்தியால். கூச்சத்தால் சூப் கேட்க முடியாமல் ஓடிவந்த பையன்தான் முதல் குத்துக்கு முண்டியடிப்பவன்.

விடுமுறையிலும் ஓய்வில்லை. 1936-இல் தொடங்கிய ஜூனியர் கிளாசிக்கல் லீக், கோடையில் ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய மாநாடு கூட்டும். படுக்கை விரிப்பைத் தோகாவாகச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் வலம் வருவார்கள். பொத்தானை அழுத்திப் பதில் சொல்லும் ‘கெர்டாமென்’ வினாடி வினாவில், கேள்வி பாதியில் இருக்கும்போதே மூன்றாம் ப்யூனிக் போரின் வருஷத்தைக் கத்துவார்கள். தேசிய லத்தீன் தேர்வு வேறு இருக்கிறது. 40 கேள்விகள், நன்றாகச் செய்தால் தங்கப் பதக்கம். மார்க்கஸின் அறையில் தொங்கும் பதக்கத்தைப் பார்த்து, ஓட்டப்பந்தயமா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

பள்ளியில் யாருக்காவது லத்தீனில் பச்சை குத்திக்கொள்ள ஆசை வந்தால் மார்க்கஸிடம்தான் வருவார்கள்.

“‘பயப்படாதே’ என்பதற்கு லத்தீனில் என்ன?”

“யாரிடம் சொல்கிறாய்? ஒருவரிடமா, பலரிடமா?”

“என்னிடமே.”

“இப்போது பயந்துகொண்டிருப்பதை நிறுத்தச் சொல்கிறாயா, இனிமேல் பயப்படக் கூடாது என்கிறாயா?”

நண்பன் டிராகன் படம் போதும் என்று போய்விடுகிறான்.

தேர்வு நாள். மற்ற பாடங்களுக்கு ஜிம்னாசியம் முழுக்க மேஜை போடுவார்கள். லத்தீனுக்கு நூலகத்தின் ஒரு மூலை போதும். மேற்பார்வைக்கு வந்தவர் கணித ஆசிரியர். மூன்று மணி நேரம் எட்டுப் பேரும் மேஜையில் விரலால் நெடில் குறில் குறில் என்று தாளம் தட்டுவதைப் பார்த்து, நரம்புத் தளர்ச்சியோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். தேர்வுக் கேள்விகளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று விதி. லத்தீனில் பேசிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று சின்ன யூலியா யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். நாலு வருஷம் படித்தும் எட்டுப் பேரில் ஒருவருக்கும் லத்தீனில் ‘மூன்றாம் கேள்விக்கு என்ன எழுதினாய்?’ என்று கேட்க வரவில்லை.

ஜூலையில் மதிப்பெண் வந்தது: ஐந்து. கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்தது. இந்த மதிப்பெண்ணுக்கு வெளிநாட்டு மொழிப் பாடத்திலிருந்து முழு விலக்கு. இனி நான்கு வருஷமும் எந்த மொழியும் படிக்கத் தேவையில்லை. லத்தீனை நன்றாகப் படித்ததற்குப் பரிசு, லத்தீனைத் தொடவே வேண்டாம் என்பது. அப்பா அன்று இரவு எல்லாருக்கும் பீட்ஸா வாங்கிவந்தார்.

ஆகஸ்டில் முதல் பருவத்துக்கான பாடப் பதிவு. திரையை எட்டிப் பார்த்த அப்பா, முதல் வரியில் கிரேக்கம் என்று இருப்பதைக் கண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

“பரவாயில்லை. கிரேக்க நாட்டில் பேசுகிறார்களே. ஒரு தடவை குடும்பத்தோடு போய் வந்தால் உபயோகப்படும்.”

“அந்தக் கிரேக்கம் இல்லை, அப்பா” என்றான் மார்க்கஸ்.