கார் நிறுத்துமிடத்தில் ஒரு கடற்படை

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் கடற்படை அதிகாரியாக முடியுமா? அரிசி வேகிற நேரம்கூட இல்லையே!

பதில்: வெந்திருக்கிறது. 1939 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் கட்டி முடித்த கையோடு ஒரு பொழுதுபோக்கு மையத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டது. நீச்சல் குளத்துக்காகக் கட்டிய அந்த இடத்துக்குக் கப்பலைப் போலவே ‘எச்.எம்.எஸ். கிங் ஆல்ஃபிரட்’ என்று பெயர். கார் நிறுத்த வேண்டிய நிலத்தடித் தளம் பயிற்சியாளர்களுக்குத் தங்குமிடமானது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அங்கிருந்து வெளிவந்த அதிகாரிகள் 22,000க்கும் மேல். பெரும்பாலோர் கடற்படைத் தொண்டர் சேமப் படையினர். சட்டைக் கையில் நெளிநெளியான தங்கப் பட்டை. நிரந்தர அதிகாரிகளுக்கோ நேர்ப் பட்டை. அந்தஸ்தை நூல் பின்னலிலேயே காட்டிவிடும் சாமர்த்தியம் ஆங்கிலேயருக்கு உண்டு!

“அவசரத்துக்கு அள்ளிய அரைகுறைகள்” என்பீர்கள். ஆனால், சாதாரண மாலுமியாகச் சில மாதம் கடலில் கஷ்டப்பட்டு, கப்பல் தலைவரின் சிபாரிசு பெற்றவர்களே பெரும்பாலும் அங்கே வந்தார்கள். பயிற்சிக்கு முன்பே ஒரு வடிகட்டல். நிரந்தர அதிகாரிகளின் தேர்ச்சி இவர்களுக்கு வந்துவிட்டதா? இல்லைதான். ஆனால் அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல்களுக்குத் துணைபோன ‘கார்வெட்’ சிறுகப்பல்களுக்குத் தேவைப்பட்டது வேறு: குளிர், தூக்கமின்மை, நீர்மூழ்கி மூன்றையும் தாங்கும் ஆள். நடிகர் அலெக் கின்னஸ் இந்தத் தொண்டர் சேமப் படையில் 1941இல் மாலுமி, 1942இல் அதிகாரி, 1943 சிசிலி படையெடுப்பில் தரையிறங்கு கலத்தின் தலைவர். நெளிப் பட்டை 1951இல் நேராக்கப்பட்டது. போர் முடிந்து ஆறு வருஷம் கழித்து!